வேங்கிக்காலிற் கற்ற சீயக்காய்ப் பாடம்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் நாட்டு முதுமொழி. அச்சிரசிற்கு அழகு செய்யும் மயிரை நம் முன்னோர் எத்துணைப் போற்றினர் என்பதற்கு, அவர் அதற்கு வழங்கிய பெயர்களே சான்றாகும். மகளிர் மயிரைக் கூந்தல், குழல், ஓதி, அளகம், ஐம்பால் என்றும், ஆடவர் மயிரைக் குஞ்சி, குடுமி என்றும் வகுத்துக் கூறினர். தகரம் என்னும் சொல்லுக்கு மயிர்ச்சாந்து என்று அகராதியில் ஒரு பொருள் காண்கிறோம். மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்று இறைவனும் நக்கீரரும் வாதிட்ட கதையைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கும். அவ்வாதிற்குக் காரணமாய் நின்றதென்று சொல்லப்படும் பாட்டு, குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இருப்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர்.

அப்பெரிய வழக்கைத் தீர்க்க யாம் முன்வரவில்லை. எமது கேள்வி மிக எளியது. கூந்தலைத் தூய்மை செய்தற்கும் பேணுதற்கும் இல்லத்திலேயே செய்துகொள்ளத் தக்க பொருள்கள் யாவை? அவை எக்காரணத்தாற் பயன்படுகின்றன? அவற்றால் ஆகாதவை எவை? இம்மூன்றையும் முறையே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் இதனை ஆராயப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எம் தோழி ஒருத்தி சென்ற கார்த்திகைத் திங்களிற் கடுஞ்சுரத்தில் வீழ்ந்து எழுந்தாள். சுரம் நீங்கி இரண்டு திங்கள் கழிந்தபின், சீப்பை எடுத்தபோதெல்லாம் கற்றை கற்றையாக மயிர் உதிரலாயிற்று. கண்டவர் கூறிய எண்ணெய்களையெல்லாம் வாங்கிப் பூசினாள். கைப்பொருள் குறைந்ததேயன்றி உதிர்தல் குறையவில்லை. வகுப்பிலும் முக்காடிட்டுக் கடைசி வரிசையில் அமரத் தொடங்கினாள். அவள் முகவாட்டத்தைக் கண்டு, எங்களுள் ஒருத்தி, "வேங்கிக்காலில் என் பாட்டி இருக்கிறார். எழுபது வயதிலும் அவர் கொண்டை ஒரு கையில் அடங்காது. தலைக்கு வேண்டியவற்றையெல்லாம் அவரே செய்துகொள்வார்" என்றாள். ஆகவே தமிழ் படிக்கும் இருவரும் இரசாயனம் படிக்கும் இருவருமாக யாம் நால்வர், அத்தோழியையும் உடனழைத்துக்கொண்டு, பங்குனி மாதத்து விடுமுறையில் வேங்கிக்காலுக்குச் சென்றோம்.

திருவண்ணாமலையினின்றும் வேலூர் செல்லும் சாலையில் உள்ளது வேங்கிக்கால். 1989ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இப்பொழுது இவ்வூரிலேயே உள்ளது. ஆதலின் ஏரியைச் சார்ந்த இச்சிற்றூர் நகரின் ஒரு பகுதிபோலவே காணப்படுகிறது. ஆயினும் யாம் சென்ற தெருவில், பாட்டியாரின் வீட்டு மாடியில், பழம்புடைவையொன்றை விரித்துச் சீயக்காயைக் காயவைத்திருந்தனர். ஜவ்வாது மலையில் வாழும் மக்கள் சேகரித்துச் சந்தைக்கு அனுப்பும் வனப்பொருள்களுள் இக்காயும் ஒன்று. பாட்டியார் எங்கள் தோழியின் தலையைத் தடவிப் பார்த்தார். எண்ணெயின் பெயர் எதனையும் கூறவில்லை. "அண்மையிற் சுரம் ஏதேனும் கண்டதா, கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியின் ஆழம் எங்களுக்குப் பின்னரே விளங்கிற்று.

மயிரின் இயல்பு

மயிர் இருபகுதியுடையது. தோலினுள் வேர்ப்பையில் உள்ள பகுதி உயிருள்ளது. வெளியே நீண்டு தோன்றும் இழை உயிரற்றது. நகத்தைப்போலவே இவ்விழையும் கெராட்டின் என்னும் புரதத்தாலாயது. மனிதர் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றும் திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். சில ஆண்டுகள் வளர்ந்தபின், மூன்று திங்களளவு ஓய்ந்திருந்து உதிர்ந்துபோகும். ஆகவே நாள்தோறும் ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது இயற்கையேயாகும்.

இழையின் மேற்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியிற் பார்த்தால், நாட்டோடு வேய்ந்த கூரைபோல் மெல்லிய செதில்கள் ஒன்றன்மேலொன்று படிந்திருக்கக் காணலாம். செதில்கள் படிந்திருக்குமாயின் மயிர் பளபளக்கும். சீப்பு தடையின்றிச் செல்லும். அவை தூக்கி நிற்குமாயின் இழைகள் ஒன்றோடொன்று சிக்குண்டு அறுபடும். காரமிகுந்த நீர் செதில்களைத் தூக்கச் செய்யும். சிறிதளவு அமிலமுடைய நீர் அவற்றைப் படியச் செய்யும். இவ்வொன்றை நினைவிற் கொண்டால், பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

நீரும் நுரையும்

பாட்டியார் வீட்டுக் கிணற்று நீரை ஒரு புட்டியில் நிரப்பிக்கொண்டு வந்து, எம் கல்லூரி ஆராய்ச்சிசாலையில் ஒரு சிறு சோதனை செய்தோம். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் அந்நீரை ஊற்றி, ஒன்றிற் சவர்க்காரத் துண்டையும் மற்றொன்றிற் சீயக்காய்த் தூளையும் இட்டுக் குலுக்கினோம். முன்னதில் நுரை எழவில்லை. தயிர் திரிந்தாற்போல் வெண்ணிறக் கசடு மிதந்தது. பின்னதில் நுரை எழுந்து சிறிதுநேரம் நின்றது. நீல லிட்மஸ் தாளை இரண்டிலும் நனைத்தோம். சவர்க்கார நீரில் அது நீலமாகவே இருந்தது. சீயக்காய் நீரில் மெல்லச் சிவந்தது.

இதன் காரணம் யாது? கடின நீரிற் கால்சியம், மக்னீசியம் என்பவற்றின் உப்புக்கள் கரைந்துள்ளன. அவை சவர்க்காரத்தோடு கூடி நீரிற் கரையாத கசடாகிவிடும். அக்கசடே தலையிற் படிந்து மயிரைப் பிசுபிசுப்பாக்குகிறது. சவர்க்காரத்தின் காரமோ செதில்களைத் தூக்குகிறது. சீயக்காயில் நுரைதருவது சாப்பொனின் என்னும் பொருள். இதன் மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மற்றொரு முனை நீரைப் பற்றும். அதனால் எண்ணெயும் அழுக்கும் நீரோடு கலந்து வெளியேறுகின்றன. கடின நீரின் உப்புக்கள் இதனைச் சவர்க்காரத்தைப்போற் கசடாக்குவதில்லை. காயிலுள்ள அமிலம் செதில்களையும் படியச் செய்கிறது. கிணற்று நீரை நம்பிய நம் ஊர்களிற் சவர்க்காரத்தைத் துணிக்கும் சீயக்காயைத் தலைக்கும் என்று வகுத்துக்கொண்ட மூதாட்டியர், இரசாயனம் கல்லாமலே இரசாயனம் அறிந்தவர் என்றே சொல்லவேண்டும்.

சீயக்காயை நெடுங்காலம் அகேசியா கன்சின்னா என வழங்கிய தாவர நூலோர், இக்காலத்திற் செனிகாலியா ருகாட்டா என்கின்றனர். பெயர் மாறினும் காய் மாறவில்லை.

சுண்ணம் செய்யும் முறை

பாட்டியார் படியாலும் கைப்பிடியாலும் அளந்தவற்றை யாம் தராசிலிட்டு எழுதிக்கொண்டோம். சீயக்காய் 1 கிலோ. பச்சைப்பயறு 250 கிராம். வெந்தயம் 100 கிராம். விதை நீக்கிய பூந்திக்கொட்டைத் தோல் 100 கிராம். நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலையும் பூவும் 100 கிராம். பூலாங்கிழங்கு 50 கிராம். உலர்ந்த ஆவாரம்பூ 50 கிராம்.

இவற்றுள் ஒவ்வொன்றிற்கும் ஒரு தொழில் உண்டு. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அழுக்கை நீக்கும். பின்னது வன்மை மிக்கதாதலின் அளவு மீறலாகாது. பயற்றமாவு எண்ணெயை உறிஞ்சும். வெந்தயமும் செம்பருத்தியும் நீர்பட்டவுடன் வழுவழுப்பான கூழாகி, இழைகளினிடையே வழுக்கி நின்று சிக்கைத் தவிர்க்கும். பூலாங்கிழங்கு மணத்திற்கென்றே சேர்ப்பது. "ஆவாரம்பூ எதற்கு, பாட்டி?" என்று கேட்டோம். "என் மாமியார் போட்டார், நானும் போடுகிறேன்" என்று சிரித்தார். அறியாததை அறிந்ததுபோற் கூறாத அச்சிரிப்பும் எங்களுக்கு ஒரு பாடமே.

எல்லாவற்றையும் மொறுமொறுவென்று உலரச் செய்து, சீயக்காய்க்கென்றே தனியாக உள்ள அரவை இயந்திரத்தில் அரைத்தல்வேண்டும். உணவு மாவு அரைக்கும் இயந்திரத்தில் இதனை அரைத்தால், பின்னால் வருபவர் வீட்டுத் தோசை கசக்கும். அரைக்குங்கால் எழும் தூசி தும்மலையும் இருமலையும் விளைக்குமாதலின், மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்வது இன்றியமையாதது. அரைத்த தூளைச் சூடாறப் பரப்பி, சலித்து, ஈரமற்ற மூடியுள்ள பாத்திரத்தில் வைத்தால் சில திங்கள் கெடாது. ஈரக்கையால் எடுத்தல் கூடாது.

முழுகும்போது இரண்டு மூன்று கரண்டித் தூளை வடித்த கஞ்சியிற் குழைத்து, தலையை நன்கு நனைத்தபின் தேய்த்து, சிறிது பொறுத்து நிரம்ப நீர்விட்டு அலசவேண்டும். கஞ்சி, தூளைத் தலையில் ஒட்டி நிற்கச் செய்வதோடு உராய்வையும் குறைக்கும். கண்ணிற் படாமற் காத்தல் முக்கியம். சாப்பொனின் கண்ணை எரித்துச் சிவக்கச் செய்யும். பட்டால் உடனே தூயநீரால் நெடுநேரம் கழுவவேண்டும். சீயக்காய் கிடையாத இடங்களில் உசிலை இலையை உலர்த்திப் பொடித்த அரப்பு அத்தொழிலைச் செய்யும். உசிலம்பட்டி என்னும் ஊர்ப்பெயரில் நிற்பதும் அம்மரமே.

தலைக்கு எண்ணெய்

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது பழமொழி. பாட்டியார் தேங்காயெண்ணெயிற் கரிசலாங்கண்ணிச் சாற்றையும் நெல்லிக்காய்ச் சாற்றையும் கலந்து, இரும்புச் சட்டியில் இளந்தீயிற் காய்ச்சினார். சாற்றிலுள்ள நீர் முற்றும் வற்றியதா என்றறிய, பஞ்சுத்திரியை எண்ணெயில் நனைத்து விளக்கிற் காட்டினார். முதன்முறை திரி படபடவென்று வெடித்தது. நீர் இன்னும் உண்டு என்றார். சிறிது பொழுதிற்குப்பின் வேறொரு திரி அமைதியாக எரிந்தது, சட்டியை இறக்கினார். நீர் எஞ்சியிருப்பின் எண்ணெய் விரைவிற் கெடும் என்பதே இச்சோதனையின் பொருள்.

இரும்புச் சட்டியில் நெல்லிச்சாறு கறுத்ததைக் கண்டு யாம் வியந்தோம். நெல்லியிலுள்ள துவர்ப்பொருள் இரும்போடு கூடுங்கால் கருநிறம் பிறக்கும். முற்காலத்துப் பள்ளிச் சிறுவர் கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை காய்ச்சியதும் இம்முறையாலேதான். எண்ணெயின் கருமை இவ்வாறு வருவதே. அது நரையைக் கறுப்பாக்கும் மருந்தென்று மயங்குதல் தவறு.

எண்ணெயால் நன்மை இல்லையோ எனின், உண்டு. 2003ஆம் ஆண்டில் ரேலே, மோகிலே என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கழுவுதற்கு முன்னும் பின்னும் தேங்காயெண்ணெய் பூசிய மயிரிற் புரத இழப்புக் குறைந்தது. மற்றவற்றில் அவ்வாறு குறையவில்லை. தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் இழையினுள் ஊடுருவ வல்லது என்பதே காரணம். ஆகவே எண்ணெய், இருக்கும் இழையைக் காக்கும். பொடுகுள்ளோர்க்கோ எண்ணெயை நெடுநேரம் தலையில் ஊறவிடுதல் நன்றன்று. பொடுகிற்குத் துணையாகும் நுண்ணுயிர் எண்ணெயையே உண்டு பெருகும்.

யாம் செய்த பிழை

கல்லூரிக்குத் திரும்பியபின், தூளைக் குழைக்கும் தொல்லையை நீக்கக் கருதி, யாம் ஒரு புதுமை செய்யத் துணிந்தோம். சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் செம்பருத்தி இலையோடு கொதிக்கவைத்து வடிகட்டி, அழகிய புட்டிகளில் அடைத்து, விடுதித் தோழியர்க்கு வழங்கினோம். முதல்நாள் அனைவரும் புகழ்ந்தனர். மூன்றாம் நாள் புட்டிகளைத் திறந்தபோது புளித்த நாற்றம் அறையை நிறைத்தது. ஒன்றில் மேலே பூஞ்சணம் படர்ந்திருந்தது. அறியாது அதனைத் தேய்த்துக்கொண்ட ஒருத்திக்குத் தலையில் அரிப்பு உண்டாயிற்று. அவளிடம் மன்னிப்பு வேண்டினோம்.

உலர்ந்த தூளில் நுண்ணுயிர் வாழ நீரில்லை. வடித்த சாற்றிலோ நீரும் உண்டு, அவற்றிற்கு உணவும் உண்டு. இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதை அன்று உணர்ந்தோம். நீர் கலந்ததை அன்றன்றே செய்து அன்றன்றே முடிக்கவேண்டும். கடைப்புட்டியிற் சேர்க்கும் கெடாமற் காக்கும் பொருளை இகழ்ந்து பேசிய யாமே அதன் தேவையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இவ்வாறே, விரைவிற் கருமை தரும் என்று விற்கும் கருமருதாணியில் பாராபெனிலீன்டையமின் என்னும் இரசாயனம் கலந்திருப்பதுண்டு. சிலர்க்கு அது கொடிய ஒவ்வாமையை விளைக்கும். தூய மருதாணி இலை செந்நிறமே தரும், கருநிறம் தராது.

ஷாம்பூவின் வரலாறு

இனி, ஷாம்பூ என்பதை முற்றும் அயல்நாட்டுப் பகையாக எண்ணுதலும் பொருந்தாது. அச்சொல்லே பிசைதல், அழுத்துதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லினின்றும் பிறந்தது. 1759இல் பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகம்மது என்பார் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரிற் குளிப்பகம் அமைத்து, உடம்பு பிடித்துவிடும் தொழிலை ஷாம்பூயிங் என்னும் பெயரால் நடத்தி, மன்னர் நான்காம் ஜார்ஜுக்கும் பணிபுரிந்தார். தலைகழுவும் பொருளுக்கு அப்பெயர் பின்னரே வந்தது. 1903இல் பெர்லின் நகரத்து ஹான்ஸ் ஷ்வார்ஸ்காப் விற்ற தலைகழுவும் பொருளும், நம் சீயக்காயைப்போலத் தூளாகவே இருந்தது. கடின நீரிலும் கசடாகாத செயற்கைப் பொருளாலாய ஷாம்பூ 1934இல் அமெரிக்காவில் வெளிவந்தது.

நம் நாட்டில் ஷாம்பூ சிற்றூர்தோறும் சென்றதற்குத் துணைசெய்தது கடலூர். அவ்வூர்ச் சின்னிகிருஷ்ணன் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாக இருந்தார். அவர் மகனார் ரங்கநாதன் 1983இல் சிக் என்னும் ஷாம்பூத் தொழிலைத் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பொருளை ஏழையும் சில்லறைக் காசுக்கு வாங்க முடிந்தது. நன்மையே, ஆயினும் அப்பொட்டலத்தின் உறை மக்குவதில்லை. கால்வாய்தோறும் அவ்வுறைகள் அடைத்துக் கிடக்கின்றன. பாட்டியாரின் தூள் விட்டுச்செல்லும் சக்கை, அவர் வீட்டு வாழைமரத்தடியிலேயே மண்ணாகிவிடுகிறது.

இல்லப்பொருளால் ஆகாதவை

பாட்டியாரின் மருமகளார் அத்தூளைப் பொட்டலமிட்டு விற்க விரும்பி, "நீங்கள் தமிழ் படித்தவர்களாயிற்றே, மேலே ஒட்டும் சீட்டுக்கு நல்ல வாசகம் எழுதிக் கொடுங்கள்" என்று எங்களைக் கேட்டிருந்தார். யாம் பெருமிதத்தோடு, உதிர்ந்த கூந்தல் மீண்டும் முளைத்து முழங்கால் தழுவும் என்று எதுகை மோனையோடு எழுதி நீட்டினோம். பாட்டியார் அதனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு எங்கள் நோயுற்ற தோழியைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பெண் இதைப் படித்தால் நம்பி வாங்குவாள். என் பொடி அழுக்கைப் போக்கும், மயிரை முளைக்கவைக்காது. அந்த வரியை அடித்துவிடு, கண்ணு" என்றார். யாம் தலைகுனிந்து அடித்தோம்.

பின்னர் நூல்களை ஆராய்ந்தபோது, சட்டமும் அவர் கட்சியே என்று கண்டோம். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின்கீழ் 1945இல் வகுத்த விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. எந்த மருந்தும் தீர்க்குமென்று கூறலாகாதவற்றின் பட்டியல் அது. வழுக்கையும், புதுமயிர் முளைப்பித்தலும், மயிரின் நிறமாற்றமும் அதன்கண் உள்ளன. அழகுப்பொருளை விற்பனைக்காகச் செய்வோர் அரசின் உரிமம் பெறுதலும் வேண்டும். மருமகளார் அவ்வுரிமம் பெறும் வரையில் தம் வீட்டளவில் நிறுத்திக்கொண்டார்.

தோழியின் செய்தி யாதாயிற்று? கடுஞ்சுரம், பிள்ளைப்பேறு, பெருந்துயர் இவற்றின்பின் பல மயிர்கள் ஒருங்கே ஓய்வுநிலை எய்தி, இரண்டு மூன்று திங்களில் ஒருசேர உதிர்வதுண்டு. வேர் அழிவதில்லையாதலின் அவை பெரும்பாலும் தாமே மீண்டும் வளரும். பாட்டியார் முதற்கண் சுரத்தைப்பற்றிக் கேட்டதன் காரணம் இதுவே. "பொறுத்திரு, மருத்துவரிடம் இரத்தத்தையும் காட்டு" என்று அவர் கூறியபடி அவள் சென்றாள். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்திருந்ததை மருத்துவர் கண்டு அதற்கு மருந்தளித்தார். ஆவணியில் நெற்றியோரத்திற் குறுமயிர் அரும்பிற்று. இப்பொழுது முக்காடின்றி முதல் வரிசையில் அமர்கிறாள். அவள் முன்னரே மருத்துவரிடம் சென்றிருந்தால், எண்ணெய்களுக்குக் கொடுத்த பொருளும் மனக்கவலையும் மிச்சமாகியிருக்கும். வட்டம் வட்டமாக மயிர் உதிர்தல், தலைத்தோலிற் புண்ணாதல், உதிர்தல் பல திங்கள் நீடித்தல் ஆகிய குறிகள் தோன்றின், இல்லத்துச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு மருத்துவரை நாடுதலே அறிவுடைமை.

முடிவுரை

நண்பர்காள்! சீயக்காய் நல்ல பொருள். தேங்காயெண்ணெயும் நல்ல பொருள். எது எதனைச் செய்யும், எது எதனைச் செய்யாது என்னும் இரண்டையும் அறிந்தவர் கையிலேயே அவை நற்பொருளாகின்றன. எழுத்தறியாத மூதாட்டியார் தம் பொடியின் எல்லையை அறிந்திருந்தார். எழுத்தறிந்த யாம் எமது சொல்லின் எல்லையை மறந்தோம். வரும் விடுமுறையில் நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியோரிடம் சென்று, அவர் செய்யும் பொருள்களை அளந்தெழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஏன் சேர்க்கின்றார் என்று வினவுவாராக. விடை கிடைத்தவற்றை ஆராய்ச்சிசாலையிற் சோதிக்கலாம். விடை கிடையாதவற்றை அவ்வாறே குறித்து வைக்கலாம். பாட்டியார் தந்த தூளில் ஒரு பாத்திரம் எங்கள் விடுதியில் உள்ளது. அதன்மேல் யாம் ஒட்டிய சீட்டில் இரண்டே வரிகள்: தலை கழுவுதற்கு, கண்ணிற் படாமற் காக்க.